நாலு பேர், ஒரு மேசை: வேலூரில் ராத்திரிச் சாப்பாடு

நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து ராத்திரி வெளியே சாப்பிட வேண்டும். இடம் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும், பேசிக்கொண்டே ஏதாவது குடிக்க வேண்டும், பர்ஸும் தாங்க வேண்டும். இவ்வளவையும் ஒரே கூரையின்கீழ் தேடினால் வேலூரில் கடைசியாக ஒரு நட்சத்திர ஓட்டலில் போய்த்தான் நிற்பீர்கள். மேசை, ஏசி, மெல்லிய வெளிச்சம் எல்லாம் கிடைக்கும். பில்லைப் பங்கு போடும்போதுதான் அடுத்த சந்திப்பை யாரும் பேச மாட்டார்கள்.

இந்த ஊரின் அமைப்பு வேறு. நல்ல சாப்பாடு ஒரு தெருவில், காற்றாட உட்காரும் இடம் இன்னொரு தெருவில், குடிக்கிற கடை மூன்றாவது தெருவில். ராத்திரியை மூன்றாகப் பிரித்துக்கொண்டு கொஞ்சம் நடக்கத் தயாரானால், பெரிய நகரத்தில் கிடைக்காத சாயங்காலங்கள் இங்கே குறைந்த காசில் அமையும். எங்கே உட்காருவது, எங்கே சாப்பிடுவது, எங்கே குடிப்பது என்பதைத் தனித்தனியாக முடிவு செய்யுங்கள். இந்த அத்தியாயம் அதற்குத்தான்.

முதலில் யாருக்காக இங்கே கடைகள் இருக்கின்றன என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. வேலூரின் ராத்திரிச் சாப்பாட்டை மூன்று கூட்டங்கள் உருவாக்கியிருக்கின்றன. ஒன்று, 1900-இல் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கி இன்று நாடெங்குமிருந்து நோயாளிகள் வரும் சி.எம்.சி. மருத்துவமனையின் கூட்டம். இரண்டு, 1984-இல் வேலூர் பொறியியல் கல்லூரியாகத் தொடங்கிய வி.ஐ.டி.யின் மாணவர் கூட்டம். மூன்று, ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றை ஒட்டி நீளும் தோல் தொழிலின் ஷிஃப்ட் கூட்டம். ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி, ஒரு விலை, ஒரு நேரம் உண்டு. உங்கள் ராத்திரிக்கு எது பொருந்தும் என்று பார்த்துக் கிளம்புங்கள்.

நேரம் பார்த்துக் கிளம்புங்கள்

ஊரைச் சுற்றிப் பாறைக் குன்றுகள். ஏப்ரல், மே மாதங்களில் பகல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும். பகலெல்லாம் சூடேறிய கல், பொழுது சாய்ந்த பிறகும் அனலைக் கக்கிக்கொண்டிருக்கும். கோடையில் ஏழரைக்கு முன்னால் மொட்டைமாடியிலோ வாசல் மேசையிலோ உட்கார வேண்டாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நிலைமை தலைகீழ். அப்போது திறந்தவெளி மேசையைக் கேட்டு வாங்குங்கள்.

மாதத்தின் முதல் பத்து நாள் ஆம்பூர்ப் பக்கம் சம்பளக் கூட்டம். அந்த நாட்களில் வரும் சனி, ஞாயிறு ராத்திரிகளில் பிரியாணிக் கடைகளில் நின்றுதான் இடம் பிடிக்க வேண்டும். காட்பாடிப் பக்கம் வார இறுதி முழுக்க மாணவர்கள். நாலு பேர் நிதானமாகப் பேச வேண்டுமென்றால் செவ்வாய், புதன் நல்லது. ரமலான் மாதத்தில் ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பல கடைகள் பகலில் மூடியிருக்கும். நோன்பு திறந்த பிறகு பஜாரே விழித்துக்கொள்ளும். வருடத்தில் ஒரு ராத்திரி மட்டும்தான் ஆம்பூர் போக முடியும் என்றால் நான் அந்த மாதத்தைத்தான் சொல்வேன்.

கோட்டையில் ஆரம்பியுங்கள்

நண்பர்கள் நாலு திசையிலிருந்து வருகிறார்கள், ஒருவர் எப்படியும் தாமதமாவார் என்றால் கடை வாசலில் காத்திருக்க வேண்டாம். வேலூர்க் கோட்டைக்குள் நுழையக் கட்டணம் கிடையாது. பதினாறாம் நூற்றாண்டுக் கருங்கல் மதில், தண்ணீர் நிற்கும் அகழி, உள்ளே ஜலகண்டேஸ்வரர் கோயில், பள்ளிவாசல், தேவாலயம். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் ஆங்கிலேயரை எதிர்த்து எழுந்த இடமும் இதுதான். ஐந்தரைக்கு வந்து அகழியோரம் நடந்தால் பொழுது இறங்குவதற்குள் எல்லோரும் சேர்ந்துவிடலாம். மாலையில் கதவு அடைக்கும் நேரத்தைக் காவலரிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போங்கள்.

கோட்டையிலிருந்து காந்தி ரோடு, லாங் பஜார், ஆபீசர்ஸ் லைன், ஆற்காடு ரோடு எல்லாம் நடக்கிற தூரம். சொந்த வண்டியைக் கோட்டைப் பக்கமே நிறுத்திவிட்டு வருவது நல்லது. ஆற்காடு ரோட்டில் ராத்திரி எட்டு மணிக்குக் காரை நிறுத்த இடம் தேடினால் பசி போய்விடும்.

ஆற்காடு ரோடு

சி.எம்.சி. வாசல் வழியாகப் போகும் இந்தச் சாலைக்கு ஐடா ஸ்கடர் ரோடு என்றும் பெயர். தமிழ்நாட்டில் இப்படி ஒரு தெருவை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. பெயர்ப் பலகைகளில் தமிழுக்குப் பக்கத்தில் வங்காளம், இந்தி. மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று வைத்தியத்துக்கு வந்தவர்கள் வாரக்கணக்கில் லாட்ஜில் தங்குகிறார்கள். அவர்களுக்காக வந்தவைதான் இங்கே உள்ள மெஸ்கள்: ரோகு மீன் குழம்பும் வெள்ளைச் சோறும், கசகசா அரைத்த உருளைக்கிழங்கு, ரொட்டியும் சப்ஜியும், மோமோ, ரசகுல்லா. பக்கத்துச் சந்துகளில், பாபுராவ் தெருப் பக்கம், கேரளச் சாப்பாடும் கிடைக்கும்.

விலைக்கு இந்தத் தெருவை வேலூரில் எதுவும் அடித்துக்கொள்ள முடியாது. காரணம் எளிது. வாரக்கணக்கில் மூன்று வேளையும் வெளியே சாப்பிட வேண்டிய குடும்பங்கள்தான் இங்கே வாடிக்கையாளர்கள். விலையை ஏற்றினால் அடுத்த நாளே பக்கத்து மெஸ்ஸுக்குப் போய்விடுவார்கள். ருசியும் அப்படியே: வீட்டுச் சமையலுக்கு ஏங்குகிறவர்களைத் திருப்திப்படுத்த வேண்டும், ஆகவே எண்ணெய் அளவாக இருக்கும், மீன் அன்றைக்கே தீர்ந்துவிடும். கடுகெண்ணெய் மணம் பழகாதவர்கள் முதலில் ஒரு பிளேட் மட்டும் வாங்கி நாலு பேரும் ருசி பாருங்கள்.

இங்கே ஒரு கட்டுப்பாடு வேண்டும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பவர் காலையில் ஸ்கேன் ரிப்போர்ட் வாங்கியவராக இருக்கலாம், ஐ.சி.யூ. வாசலிலிருந்து பத்து நிமிட அவகாசத்தில் சாப்பிட வந்தவராக இருக்கலாம். சத்தமாகச் சிரித்து மேசையை ஒரு மணி நேரம் பிடித்துக்கொள்ளும் இடம் இது இல்லை. சாப்பிடுங்கள், எழுந்திருங்கள், அரட்டையை வேறிடத்துக்கு எடுத்துப் போங்கள்.

உட்கார்ந்து பேச: மொட்டைமாடியும் தரைவிரிப்பும்

லட்சணமான இடம் என்று நண்பர்கள் கேட்பதில் பெரும்பகுதி வெளிச்சமும் காற்றும்தான். இரண்டும் வேலூரில் மேல்மாடியில் இருக்கின்றன. ஆபீசர்ஸ் லைனில், அதாவது அண்ணா சாலையில், டார்லிங் ரெசிடென்சியின் மேல்மாடி உணவகம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கமான இடம். கிரீன் சர்க்கிள் பக்கம் ஜி.ஆர்.டி. குழுமத்தின் ரீஜென்சி சமீரா இருக்கிறது, ஐ.டி.சி. குழுமத்தைச் சேர்ந்த ஃபார்ச்சூன் பார்க்கும் ஊரில் உண்டு. இப்படிப்பட்ட இடங்களுக்கு முழுச் சாப்பாட்டுக்குப் போகாதீர்கள். ஆற்காடு ரோட்டிலோ காந்தி ரோட்டிலோ சாப்பிட்டு முடித்துவிட்டு, சூப், ஒரு ஸ்டார்ட்டர், ஃப்ரெஷ் லைம் சோடா, ஐஸ்கிரீம் என்று ஒன்பது மணிக்கு மேல் போய் உட்காருங்கள். நாலு பேருக்கும் சேர்த்து ஒரு முழுச் சாப்பாட்டின் விலைக்குள் முடித்துவிடலாம். போவதற்கு முன் போன் செய்து மாடி திறந்திருக்கிறதா, கல்யாண பார்ட்டி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டுவிடுங்கள். முகூர்த்த நாளில் மாடி முழுக்கப் பார்ட்டிக்குப் போயிருக்கும்.

இன்னொரு வழி மந்திக் கடை. அரபு நாட்டுப் பாணியில் ஒரே பெரிய தாம்பாளத்தில் சோறும் கறியும் வைத்து நாலு பேர் சுற்றி உட்கார்ந்து சாப்பிடுவது. தரையில் கம்பளம், சாய்ந்துகொள்ளத் திண்டு, தாழ்ந்த மேசை, சில கடைகளில் திரை போட்ட தனி அறை. கீழக்கரை, காயல்பட்டினம் பக்கம் சஹன் என்னும் பெரிய தட்டில் சேர்ந்து சாப்பிடும் பழக்கம் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. நண்பர் கூட்டத்துக்கு இதைவிடப் பொருத்தமான ஏற்பாடு கிடையாது. பார்க்கவும் நன்றாக இருக்கிறது, தலைக்கு என்ன விழுகிறது என்று கணக்குப் பார்த்தாலும் குறைவு. ஆர்டர் கொடுக்கும்போது ‘ஹாஃப் எத்தனை பேருக்கு வரும்’ என்று கேளுங்கள். மந்தியில் சோறு தாராளமாக வரும்; நாலு பேருக்கு நாலு பேர் அளவு சொன்னால் மிச்சமாகிவிடும். மூன்று பேர் அளவு போதும், தேவைப்பட்டால் சோறு மட்டும் கூடுதலாகக் கேட்கலாம்.

பெண்கள் சேர்ந்து போகும்போதும், ஆண்களும் பெண்களுமாகப் போகும்போதும் ‘ஃபேமிலி ரூம் இருக்கா?’ என்று வாசலிலேயே கேட்டுவிடுவது வழக்கம். கேட்கத் தயங்க வேண்டாம். கல்லாவில் இருப்பவர் உடனே மேல்மாடிக்கு ஆளனுப்புவார்.

காட்பாடி

வேலூரிலிருந்து பாலாற்றுப் பாலம் தாண்டினால் காட்பாடி. டவுன் பஸ் நினைத்த நேரத்துக்குக் கிடைக்கும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. வி.ஐ.டி. வாசலைச் சுற்றியுள்ள கடைகள் முழுக்க மாணவர் கைக்காசை நம்பியவை. ஆந்திரா மெஸ், வடநாட்டுத் தாபா, கஃபே, ஷவர்மா, மாகி, கோல்ட் காபி. சுவரில் ஓவியம், தொங்கு விளக்கு, போட்டோ எடுத்துக்கொள்ள ஒரு மூலை என்று இளைஞர்கள் எதிர்பார்க்கும் அலங்காரமெல்லாம் வேலூரை விட இங்கேதான் அதிகம். செமஸ்டர் விடுமுறையில் பல கடைகள் பூட்டிக் கிடக்கும். மே, ஜூன், டிசம்பர் கடைசி என்றால் விசாரித்துவிட்டுப் போங்கள்.

ஷவர்மா விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுப் பெண் இறந்துபோனாள். பச்சை முட்டையில் செய்யும் மயோனைஸுக்குத் தமிழக அரசு 2025 ஏப்ரல் 8 முதல் ஓராண்டுக்குத் தடை விதித்தது. கம்பியில் கறி ஏற்றிச் சுழலும் இடத்தை ஒரு நிமிடம் நின்று பாருங்கள். நெருப்பு எரிகிறதா, வெட்டிய கறியை மறுபடி சூடுபடுத்திப் போடுகிறாரா, தெருப் புழுதி விழுகிறதா? சந்தேகம் வந்தால் பரோட்டாவுக்கு மாறிவிடுங்கள். முட்டையில்லாத மயோனைஸா என்று கேட்டால் நல்ல கடைக்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆம்பூர்

வேலூரிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் சுமார் 50 கிலோமீட்டர். 2019-இல் மாவட்டம் மூன்றாகப் பிரிந்த பிறகு ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கிறது. ஆனால் வேலூர்க்காரர்களின் ராத்திரித் திட்டத்தில் அது எப்போதும் உண்டு. பஸ் ராத்திரி முழுக்க ஓடும். காட்பாடி–ஜோலார்பேட்டை பாதையில் ரயிலும் உண்டு.

ஆம்பூரில் அலங்காரம் தேடாதீர்கள். ஸ்டீல் மேசை, டியூப் லைட், இலை அல்லது பிளேட். 1890 முதல் என்று பெருமையோடு சொல்லிக்கொள்ளும் ஸ்டார் பிரியாணி, ரஹ்மானியா போன்ற பெயர்கள் சென்னை, பெங்களூரு வரை தெரிந்தவை. ஆனால் பெயர் பார்த்து மட்டும் நுழைய வேண்டாம், பிரியாணி வேகும் பாத்திரமான தேக்சாவைப் பார்த்து நுழையுங்கள். வாசலில் நிற்கும் மாஸ்டரிடம், “பாய், தேக்சா எப்ப திறந்தீங்க?” என்று கேளுங்கள். “இப்பதான் சார், உக்காருங்க” என்றால் உட்காரலாம். “மதியம் தம் போட்டது” என்றால் அடுத்த கடை.

திறக்கிற நேரத்தில் அங்கே நிற்க முடிந்தால் நின்று பாருங்கள். மூடியின் மேல் கங்கு சாம்பல் பூத்துக் கிடக்கும். அதை ஓரமாகத் தள்ளி, ஈரத் துணியால் பிடித்து மூடியைத் தூக்குவார். ஆவி முகத்தில் அடிக்கும். அதில் புதினாவும் நெய்யும் விறகுப் புகையும் சேர்ந்திருக்கும். கரண்டி போட மாட்டார். சின்னத் தட்டு ஒன்றை ஓரத்தில் செருகி, அடிவரை இறக்கி, கறியோடு சேர்த்து அள்ளி மேலே கொண்டுவருவார். சீரகச் சம்பா அரிசி சின்னது, மெல்லியது, முரட்டுக் கரண்டி பட்டால் உடைந்துவிடும். மேலே வெளிறிய சோறும் அடியில் சிவந்த சோறும் அந்த ஒரே அள்ளலில் வந்துவிடும். அந்தச் சிவப்பு, காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதின் நிறம். அரிசியைத் தனியாக அரைவேக்காடு வேகவைத்து வடித்து, கறி மசாலாவோடு சேர்த்துத் தம் போடுவது ஆம்பூர் முறை. கறிச் சாற்றிலேயே அரிசியை வேகவைக்கும் திண்டுக்கல் பிரியாணியிலிருந்து இது வேறுபடுவது இங்கேதான். மசாலா தூக்கலாக இருக்காது. ராத்திரி சாப்பிட்டாலும் வயிறு கனக்காததற்கு அதுதான் காரணம்.

கூட வரும் கத்திரிக்காயை ஒதுக்காதீர்கள். புளிப்பும் எண்ணெயுமாகச் சுண்டிய அந்தக் கத்திரிக்காயும் வெங்காயப் பச்சடியும் சேர்ந்தால்தான் ஆம்பூர் பிரியாணி முழுமை. கத்திரிக்காய் இந்த மண்ணின் காய். இலவம்பாடிப் பக்கம் விளையும் வேலூர் முள்ளுக் கத்திரிக்காய் 2023-இல் புவிசார் குறியீடு பெற்றது.

காசைக் குறைக்க ஊர்க்காரர்கள் செய்வது இது. நாலு பேருக்கு நாலு மட்டன் பிரியாணி சொல்வதற்குப் பதில் இரண்டு மட்டன் பிரியாணி, இரண்டு குஸ்கா, ஒரு சிக்கன் 65 அல்லது கபாப் வாங்கிப் பகிர்ந்துகொள்வார்கள். குஸ்கா என்றால் கறித்துண்டு இல்லாத அதே தேக்சாச் சோறு. கறியின் ருசி முழுக்க அதில் இறங்கியிருக்கும். விலை குறைவு என்பதால் அதைக் குறைவாக நினைக்காதீர்கள்.

பீஃப் பிரியாணியைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆம்பூர், வாணியம்பாடித் தோல் தொழிலாளர்கள் பலருக்கு எட்டுகிற விலையில் கிடைக்கும் பிரியாணி அதுதான். 2022 மே மாதம் மாவட்ட நிர்வாகம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தபோது பீஃப் பிரியாணிக்கு இடமில்லை என்ற செய்தி வந்து எதிர்ப்பு எழுந்தது. கடைசியில் மழையைக் காரணம் சொல்லித் திருவிழாவே தள்ளிவைக்கப்பட்டது. ஆம்பூர் பிரியாணி என்று ஊர்ப் பெயரைக் கொண்டாடும்போது அந்த ஊரில் உழைக்கிறவர்கள் சாப்பிடும் பிரியாணியை வெளியே நிறுத்துவது சரியில்லை என்பது என் உறுதியான எண்ணம். சாப்பிடுவதும் சாப்பிடாததும் அவரவர் விருப்பம். கூட்டத்தில் யார் எதைச் சாப்பிடுவார்கள் என்பதைப் புறப்படும்போதே கேட்டு வைத்துக்கொண்டால் மேசையில் யாருக்கும் சங்கடம் வராது. சைவ நண்பர் இருந்தால் ஆம்பூருக்கு அழைத்துப் போய்க் குஸ்காவைக் காட்டாதீர்கள், அதுவும் கறித் தேக்சாவில் வெந்ததுதான். வேலூர் ஊருக்குள்ளேயே சைவ ஓட்டலும் மொட்டைமாடியுமாகத் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள்.

இனிப்புக்கு மக்கன் பேடா. ஆற்காட்டுப் பண்டம், இந்த வட்டாரம் முழுக்கக் கிடைக்கும். உள்ளே முந்திரி, பாதாம் பூரணம் வைத்துப் பொரித்துப் பாகில் ஊறப்போட்டது. ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் முடியாது.

கூட்டம் எட்டுப் பேரைத் தாண்டினால் இன்னொரு யோசனை. பிரியாணியைக் கிலோக் கணக்கில் பக்கெட்டில் வாங்கிக்கொண்டு யாராவது ஒருவர் வீட்டு மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். பாய், கொஞ்சம் தொங்கு விளக்கு, தூரத்தில் குன்றுகளின் கரிய விளிம்பு. இந்த மாவட்டத்தில் எந்த உணவகமும் இந்த விலைக்கு இந்த இடத்தைத் தர முடியாது. கத்திரிக்காயையும் பச்சடியையும் கூடுதலாகக் கேட்டு வாங்குங்கள். பார்சலில் அதுதான் எப்போதும் பற்றாது.

குடிக்க

மதுவைப் பற்றிப் பேசும் முன் மற்றதைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்த ஊரில் ராத்திரியைக் கொண்டுசெல்வது அதுதான். பிரியாணிக்குப் பின் பன்னீர் சோடா. கோடையில் கிர்ணி, தர்பூசணி ஜூஸ், நன்னாரி சர்பத், பருவத்தில் நுங்கு. பத்து மணிக்கு மேல் பெரிய வாணலியில் பால் சுண்டிக்கொண்டிருக்கும் கடையில் மசாலாப் பால், பாதாம் பால், மேலே ஆடை போட்டு. பெஞ்சில் உட்கார்ந்து ஒரு டீயில் ஒரு மணி நேரம் பேசினாலும் யாரும் எழுப்ப மாட்டார்கள். ஜூஸ் கடையில் ‘ஐஸ் கம்மியா, சர்க்கரை கம்மியா’ என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

மதுவுக்கு வருவோம். தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை முழுக்க டாஸ்மாக் கையில். கடை பகல் 12 மணி முதல் இரவு 10 மணி வரை. 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். டாஸ்மாக்கை ஒட்டிய பார்கள் நண்பர்களோடு நிதானமாகச் சாப்பிட்டுப் பேச ஏற்றவை அல்ல. பெண்கள் இருக்கும் கூட்டத்துக்கு அறவே ஏற்றவை அல்ல. மிச்சம் இருப்பது எஃப்.எல்.3 உரிமம் பெற்ற ஓட்டல் பார். பெரிய ஓட்டல் என்பதாலேயே பார் இருக்கும் என்று நினைத்துப் போகாதீர்கள், போனில் கேளுங்கள். மேல்மாடி உணவகத்தில் மது பரிமாறுவார்களா, பார் அறைக்குள் மட்டும்தானா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள், இரண்டும் வேறு வேறு.

ஓட்டல் பாரில் செலவு இரண்டு இடத்தில் ஏறுகிறது. ஒன்று அளவு. மெனுவில் போட்டிருக்கும் விலை 30 மில்லி ஸ்மாலுக்கா, 60 மில்லி லார்ஜுக்கா என்று பாருங்கள்; சர்வர் “லார்ஜா சார்?” என்று கேட்டால் பாதிப் பேர் யோசிக்காமல் தலையாட்டுவார்கள். இரண்டு, சைடு டிஷ். பெரும்பாலும் மதுவை விடச் சைடு டிஷ்ஷுக்குத்தான் அதிகம் போகும். பசியோடு பாருக்குப் போகாதீர்கள். முதலில் சாப்பிடுங்கள், பிறகு ஒரு சுற்று, அதோடு எழுந்துவிடுங்கள். பர்ஸுக்கும் உடம்புக்கும் அந்த வரிசைதான் நல்லது.

நெடுஞ்சாலை ஓரக் கடைகளில் மது கேட்டு நிற்க வேண்டாம். நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மது விற்கக் கூடாது என்று 2016 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நகராட்சி, மாநகராட்சி எல்லைக்குள் அது பொருந்தாது என்று 2017 ஜூலையில் விளக்கம் சொன்னது. காருக்குள், பாலாற்று மணலில், கோட்டை மைதானத்தில் குடிப்பது குற்றம். அங்கே உடைந்து கிடக்கும் பாட்டில்களில் காலைக் கிழித்துக்கொள்பவர்கள் மறுநாள் விளையாட வரும் பிள்ளைகள்.

மதுக் கடை மூடும் நாட்களையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்: திருவள்ளுவர் தினம், குடியரசு தினம், வள்ளலார் நினைவு நாள், மகாவீர் ஜெயந்தி, மே தினம், மிலாடி நபி, சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி.

பில் வந்ததும்

சாதாரண உணவகத்தில் சாப்பாட்டுக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 2017 நவம்பருக்குப் பிறகு ஏசி, ஏசி இல்லாதது என்ற வித்தியாசம் வரியில் கிடையாது. ஏசி ஹாலில் அதே தோசைக்குக் கூடுதல் விலை போட்டால் அது கடைக்காரர் வைத்த விலை, அரசாங்கத்தின் வரி இல்லை. காசு முக்கியம் என்றால் கீழே சாதாரண ஹாலில் உட்காருங்கள், ஒரே சமையலறைதான். பெரிய அறை வாடகை உள்ள ஓட்டல்களின் உணவகத்தில் 18 சதவீதம் வரும், அதை முன்பே கணக்கில் வையுங்கள். மதுவுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது, மாநில வரி தனி; ஆகவே சாப்பாட்டு பில்லும் பார் பில்லும் தனித்தனியாக வருவது இயல்பு.

பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று ஏதாவது சேர்த்திருந்தால், அதைக் கட்டாயமாக்கக் கூடாது என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூலையில் சொல்லியிருக்கிறது. பணிவாக எடுக்கச் சொல்லுங்கள். மறுத்தால் நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது. அப்படி மிச்சமாகும் பணத்தை மேசை துடைத்தவர் கையிலும் தண்ணீர் வைத்தவர் கையிலும் நேராகக் கொடுங்கள். பாட்டில் தண்ணீருக்கு ஓட்டல்காரர் அச்சிட்ட விலைக்கு மேல் வாங்கலாம் என்று 2017 டிசம்பரில் உச்ச நீதிமன்றமே அனுமதித்துவிட்டது. உட்கார்ந்ததும் “சாதா தண்ணி போதும்ணா” என்று சொல்லிவிட்டால் அந்தச் செலவே இல்லை.

திரும்பி வர

வேலூருக்குள் என்றால் ஆட்டோ கிடைக்கும். பத்து மணிக்கு மேல் ஏறும் முன்பே ரேட் பேசிக்கொள்ளுங்கள். ஆம்பூரிலிருந்து திரும்பும் பாதையில் சிரமம் அதிகம். மாதனூர், பள்ளிகொண்டா வழியாக ராத்திரி முழுக்கக் கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலை அது. வயிறு நிறைந்த பிறகு ஓட்டுகிறவருக்குத் தூக்கம் தானாக வரும். ஆம்பூருக்கு பஸ்ஸில் போய் பஸ்ஸில் வருவதையே நான் சொல்வேன். காரில்தான் போவீர்கள் என்றால், ஓட்டுகிறவர் யார் என்பதைக் கிளம்பும்போதே முடிவு செய்யுங்கள். அவர் ஒரு ஸ்மால்கூடத் தொடக் கூடாது. 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹாலைத் தாண்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவின்படி முதல் முறையே 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, இரண்டும் சேர்ந்தும் வரலாம். ஓட்டுகிற நண்பருக்கான சாப்பாட்டுச் செலவை மற்ற மூவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். பன்னீர் சோடாவும் மக்கன் பேடாவும் அதில் சேர்த்தி.